யார் ஜாமீன்? மேல்நாட்டுப் படிப்பும் நம் கடன் வரலாறும்

ஐரோப்பாவில் முதுகலை படிக்கப் போகும் பிள்ளைகளை உதவித்தொகையில் போகிறவர்கள், சுயநிதியில் போகிறவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். காரியாபட்டி வட்டாரத்தில் பட்டியலின மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் சான்றிதழ் வாங்கித் தருவதும் எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்கு நடுவே இந்தச் 'சுயநிதி' என்ற சொல் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரிமூட்டம் போடும் அப்பாவும், திருப்பூர் மில்லுக்கோ பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போன அக்காவும், நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாவும் இருக்கும் ஒரு வீட்டில் 'சுய' என்பது யார்? 'நிதி' என்பது எது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூறாண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்ப்போம்.

கடனோடு கடல் கடந்தவர்கள்

நம் மக்கள் வெளிநாடு போவது புதிதல்ல. கடல் கடந்தால் தீட்டு என்று ஆதிக்கச் சாதிகள் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே சேரி மக்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். காரியாபட்டியும் அருப்புக்கோட்டையும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர்கள்.

அந்தப் பயணத்துக்கு யார் பணம் கொடுத்தது? கங்காணி கொடுத்தான். அது முன்பணம். தோட்டத்தில் இறங்கும்போதே தொழிலாளி கடனாளி. அவன் எவ்வளவு பாக்கி என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தப் பாக்கியைக் கட்டினால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் இந்த முறை இலங்கையில் 1921ல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

உழைக்கப் போகிறவனுக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது, படிக்கப் போகிறவனுக்கு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் லண்டன் செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டார். தென்னாப்பிரிக்காவிலேயே தங்கி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். லண்டன் மண்ணில் அவர் குரல் ஒலித்தது 1930ல், வட்டமேசை மாநாட்டில்தான். இடையில் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பதினொன்றரை பவுண்டு

அண்ணல் அம்பேத்கரின் படிப்பைப் பற்றி நாம் மேடைகளில் பேசும்போது பட்டங்களை அடுக்குகிறோம். அந்தப் பட்டங்களுக்கான செலவுக் கணக்கை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும். ஏனென்றால் இன்று நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முட்டுச்சந்திலும் அவர் முன்பே நின்றிருக்கிறார்.

1913ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 138 பவுண்டு. இதை வைத்துத்தான் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1915ல் முதுகலைப் பட்டம். 1916 மே மாதம் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அங்கேதான் வாசித்தார். அந்த ஆண்டே லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார்.

அதே காலத்தில் நம் மாநிலத்திலிருந்து போன இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். 1914ல் கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். அவரும் ஏழைதான். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்காகப் பேசத் துறைமுகத் தலைவர் இருந்தார், பல்கலைக்கழகம் இருந்தது, ஆளுநர் வரை ஆள் இருந்தது என்பதைச் சொல்கிறோம். வறுமை இரண்டு பேருக்கும் பொது. பரிந்து பேசும் ஆட்கள் பொது அல்ல. மகர் சாதியில் பிறந்த ஒருவருக்காகப் பேச எந்தப் பல்கலைக்கழகமும் வரவில்லை. ஒரு மன்னரின் மனம் இரங்க வேண்டியிருந்தது.

மன்னரின் மனத்துக்கும் கால எல்லை உண்டு. உதவித்தொகைக் காலம் முடிந்தது; லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917ல் அவர் திரும்பினார். தனியாக வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் நீர்மூழ்கியின் தாக்குதலில் கடலோடு போயின. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேலை செய்தே தீர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிய அரசாங்கத்தால், அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஒரு அறை வாங்கித் தர முடியவில்லை. கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான வழியையும் சாதி அடைத்துவிடுகிறது. எந்த வங்கியின் கடன் விதியிலும் இந்த ஆபத்துக்கு ஒரு வரி கிடையாது.

ஐயாயிரம் ரூபாய்

இனி வருவதுதான் 'சுயநிதி' அத்தியாயம். லண்டன் பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பை முடிக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தது. கெடு ஓடிக்கொண்டிருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். மாதம் 450 ரூபாய் சம்பளம். நல்ல சம்பளம்தான். ஆனாலும் வீடு பரேலில் தொழிலாளர் குடியிருப்பில்தான். மிச்சம் பிடித்தார். 1920 ஜூலையில் மறுபடியும் லண்டன் கிளம்பினார்.

கையில் இருந்தது மூன்று வகைப் பணம். தன் சேமிப்பு. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் செய்த உதவி. நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த 5,000 ரூபாய்க் கடன். இதில் எங்கே 'சுய'?

இதோடு நான்காவது வகை ஒன்று உண்டு. அது எந்தக் கணக்கிலும் வராது. அது ரமாபாய் அம்மையாரின் உழைப்பு. கணவர் லண்டனில் அருங்காட்சியக நூலகத்தில் பசியோடு படித்துக்கொண்டிருந்தபோது, பம்பாயில் வற்றிப்போன பணத்தில் குடும்பத்தை ஓட்டியவர் அவர். அவர்களுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். அண்ணலின் பட்டங்களுக்கு ரமாபாய் கொடுத்த விலையைப் பவுண்டில் மாற்ற முடியாது.

பணக் கணக்குக்கு வருவோம். 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்று அரசு மதிப்பு நிர்ணயித்தது. அந்த மதிப்பு நிற்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் ஒரு ரூபாய் சுமார் ஒரு ஷில்லிங் நாலு பென்னி அளவுக்கும் அதற்குக் கீழும் சரிந்தது. 5,000 ரூபாய் இரண்டு ஷில்லிங் கணக்கில் 500 பவுண்டு. ஒரு ஷில்லிங் நாலு பென்னி கணக்கில் 333 பவுண்டு. ரூபாயில் கடன் வாங்கிப் பவுண்டில் செலவு செய்யும் ஒரு மாணவனின் பையில் மூன்றில் ஒரு பங்கு தானாகவே கரைந்துபோகும். அதே ஆண்டுகளில்தான் அண்ணல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற ஆய்வை எழுதினார். நாணய மதிப்பு எப்படி ஏழையின் பையில் கைவிடுகிறது என்பது அவருக்கு ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்றே நாங்கள் நினைக்கிறோம்.

1921ல் எம்.எஸ்ஸி. 1922ல் பாரிஸ்டர். ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்திலும் படிக்க முயன்றார். 1923 ஏப்ரலில் திரும்பினார். அந்த ஆண்டே டி.எஸ்ஸி. பட்டம் வந்தது. பாரிஸ்டர் பட்டம் கையில் இருந்தும் வழக்காடும் உரிமம் வாங்கக் காசு இல்லை. அதற்கும் பதேனாவே உதவினார். உலகின் மிகப் படித்த மனிதர்களில் ஒருவர் முப்பத்திரண்டு வயதில் கடனாளியாக ஊர் திரும்பினார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிப் படிப்பது கேவலமில்லை என்பதற்காகவும், கடன் என்ன செய்யும் என்பதற்காகவும்.

மகமையும் பிடி அரிசியும்

நம் மாவட்டத்திலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. அதையும் நேர்மையாகப் பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் சமூகத்தினர் கோயிலுக்குள் விடப்படாதவர்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி போன்ற ஊர்களில் வணிகர்களாகக் கூடி வாழ்ந்த அவர்கள் உறவின்முறை அமைத்தார்கள். விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். 1889ல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்திய பள்ளி அது. காமராசர் படித்தது அங்கேதான். 1910ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்தது. அண்ணல் லண்டனில் இருந்த அதே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பிறகு நடந்தது ஊரறிந்தது.

'அவர்கள் முன்னேறினார்கள், நீங்கள் ஏன் முன்னேறவில்லை' என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைத்தான் நம் முகத்தில் எறிவார்கள். நம் பதில் எளிது. மகமை எடுக்க முதலில் சந்தை வேண்டும். விற்கச் சரக்கும், வைக்கக் கடையும், கடை போடத் தெருவும் வேண்டும். பிடி அரிசி எடுக்க அடுப்பில் தினமும் அரிசி வேண்டும். கூலியாகக் கம்பும் கேழ்வரகும் வாங்கிய சேரியில் எதில் மகமை எடுப்பது? பொட்டலில் பாதிநாள் வேலை, பாதிநாள் பட்டினி என்று இருந்த தெருவில் உறவு இருந்தது, முறையும் இருந்தது, உபரி மட்டும் இல்லை.

ஆனாலும் இந்த வரலாற்றில் நமக்குப் பாடம் உண்டு. ஒருவர் படிப்பை ஒரு சமூகம் சேர்ந்து சுமந்தது. 'சுயநிதி' என்று யாரும் சொல்லவில்லை.

நிலம் இருந்தால் அல்லவா அடமானம்?

உபரி இல்லாதவனுக்கு அடுத்த வழி அடமானம். அடமானத்துக்கு நிலம் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர். பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறி அந்த நிலங்கள் எப்படிப் பிறர் கைக்குப் போயின என்பதும், அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் மறக்கக் கூடாத செய்திகள்.

இதற்கும் ஐரோப்பியப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடித் தொடர்பு இருக்கிறது. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன். அதற்கும் மேலே போனால் சொத்து ஈடு. ஐரோப்பாவுக்கு 7.5 லட்சம் எந்த மூலைக்கு? நிலம் போன வீட்டுப் பிள்ளை ஈடு காட்ட முடியாது. மிஞ்சி இருக்கும் நிபந்தனைப் பட்டாவையும் காலனி வீட்டையும் ஈடாக எடுக்க வங்கிகள் தயங்குகின்றன. பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவார்? ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களுக்கு எந்தச் சீட்டு? 1892ல் கொடுத்துப் பின்னர் பறித்த நிலம், இன்று வங்கி மேலாளரின் மேசையில் மறுபடியும் ஒருமுறை பறிபோகிறது.

அரசைக் கடன்காரனாக்கிய மனு

தன் படிப்புக்கு மன்னரிடமும் நண்பரிடமும் கைநீட்டிய அண்ணல், அதிகாரத்துக்கு வந்ததும் முதலில் செய்தவற்றில் ஒன்று, அடுத்தவர்கள் அப்படிக் கைநீட்டக் கூடாது என்று பார்த்துக்கொண்டது. 1942ல் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அந்த அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை ஒரு மனுவாக எழுதி வைசிராயிடம் கொடுத்தார். உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசுப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944ல் பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை அப்படித்தான் பிறந்தது. வெளிநாட்டுக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

இதன் பொருள் பெரியது. பரோடா மன்னர் கொடுத்தது தயவு. 1944ல் தொடங்கியது உரிமை. தனி மனிதர்களின் இரக்கத்திலிருந்து படிப்பை எடுத்து அரசின் வரவுசெலவில் வைத்தார்.

எல்லாருக்கும் அது உடனே எட்டவில்லை. கேரளத்தின் உழவூரில் பிறந்த கே.ஆர்.நாராயணன், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர், 1945ல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது டாடா உதவியில். 1892ல் ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கிய கல்வி அறக்கட்டளை கொடுப்பது கடன் உதவித்தொகை. அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரானார்.

1954-55ல் பட்டியலின மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது. எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அதில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதி மக்கள் 20 கோடிப் பேர். 20 கோடிக்கு 115.

2022ல் அதிலும் ஒரு கதவை மூடினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி இந்த உதவித்தொகை கிடையாது என்று விதி வந்தது. சமூகவியல் படித்த எங்களுக்கு இது முதுகில் விழுந்த அடி. சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராயாதே என்பதுதான் இதன் பச்சையான பொருள். இன்று ஒரு மாணவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற தலைப்போடு விண்ணப்பித்தால் தள்ளுபடி. 2025 ஜூலையில் இன்னொரு கூத்து. தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்ற 66 பேருக்கு நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கைக் கடிதம் கொடுத்துவிட்டது, அரசும் தேர்வு செய்துவிட்டது, ஆனாலும் பணம் 'இருந்தால்'. 1917ல் அண்ணல் லண்டனில் நின்ற அதே இடம் இது.

தமிழக அரசு அண்ணல் பெயரிலேயே அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. இதை வரவேற்கிறோம். இந்தத் திட்டம் இருப்பதே தெரியாமல் கடன் வாங்கிப் போகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தெரியப்படுத்துவது நம் வேலை.

காட்டும் பணம்

எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காதவர்கள்தான் கடைசியில் 'சுயநிதி' ஆகிறார்கள். அவர்களுக்கு முதல் தடை கல்விக் கட்டணம்கூட அல்ல. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு முடக்குக் கணக்கில் 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டிய 2025ல் அது கிட்டத்தட்ட 12 லட்சம். இங்கிலாந்தில் கட்டணம் போக, லண்டனில் படிப்பவர் 2025 தொடக்கத்தில் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுண்டு காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்.

இந்த 28 நாள் விதி, சொத்து உள்ளவனுக்கு ஒரு சடங்கு. நம் வீட்டுக்கு அது வட்டிக்கடைக்குப் போகும் வழி. காட்டுவதற்காக மட்டும் கந்துவட்டிக்குப் பணம் வாங்கி, காட்டி முடித்துத் திருப்பிக் கொடுத்து, அங்கே போய் இறங்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது. பிறகு படிப்பை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்கு ஓடுவது. துண்டுச் சீட்டு ஒழிந்து நூறாண்டு ஆகிறது. பாக்கியோடு இறங்குவது மட்டும் ஒழியவில்லை.

தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பணத்துக்கு அலையாதீர்கள். ஓராண்டு முன்பே மாநிலத் திட்டம், நடுவண் திட்டம், அந்தந்த நாட்டு உதவித்தொகை மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் கையில் வைத்திருங்கள். ஓராண்டு தள்ளிப் போனால் குற்றமில்லை. அண்ணல் மூன்றாண்டு காத்திருந்துதான் திரும்பப் போனார். காட்டும் பணத்துக்காகக் கந்துவட்டி மட்டும் வேண்டாம்.

அரசிடம் நாம் கேட்பது நான்கு. தேர்வான அனைவருக்கும் பணம் உறுதி செய்யப்பட வேண்டும். 2022 தடை நீக்கப்பட வேண்டும். சொத்து ஈட்டுக்குப் பதிலாகப் பட்டியலின மாணவரின் கல்விக் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும். விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகைக்கு தாட்கோ போன்ற நிறுவனம் வட்டியில்லாமல் பொறுப்பேற்க வேண்டும்.

நம்மிடம் கேட்பது ஒன்று. இட ஒதுக்கீட்டில் படித்து மாதச் சம்பளம் வாங்கும் தலைமுறை ஒன்று இப்போது நம்மிடையே இருக்கிறது. சந்தை இல்லாவிட்டாலும் சம்பளம் இருக்கிறது. ஒரு ஒன்றியத்தில் ஐம்பது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்த்தால் ஆண்டுக்கு 6 லட்சம். ஒரு பிள்ளையின் விமானச் சீட்டும் விசாவும் முதல் மாத வாடகையும் வட்டியில்லாமல் நடக்கும். மிச்சம் அடுத்த பிள்ளைக்கு. பதேனா ஒருவர் செய்ததை ஐம்பது பேர் செய்ய முடியாதா?

ஜெய் பீம்.